பூங்கோதை கையில் பட்ட சூடு

1

ஹாலிஃபாக்ஸுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் முடிந்த அன்று ஊரிலிருந்து யாராவது ஒரு வார்த்தை விசாரிப்பார்கள் என்று எதிர்பார்த்தது என் தப்புதான். கனடாவின் கிழக்கு ஓரத்தில் கடலை ஒட்டிக் கிடக்கிற ஊர் இது. துறைமுகத்தின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடும் படகுக்கு டிக்கெட் கொடுக்கிற வேலை எனக்கு. மதியம் தயிர்சாத டப்பாவைத் திறந்தபோது கைபேசி துள்ளியது. ராயபுரத்திலிருந்து என் நைனா, அதாவது அப்பா, குரல் அனுப்பியிருந்தார். பரவாயில்லையே, தேதியை ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று ஆசையாகக் காதில் வைத்தேன்.

"பாப்பா, நீயே சொல்லு. பொங்கி வழிஞ்ச பாலு திரும்பி சட்டிக்குள்ள போயிடுச்சி. செத்த புருசன் எழுந்து குந்திக்கினு காப்பி கேக்கறான். அப்பால கையில பட்ட சூடு மட்டும் எப்டி அப்டியே கீது? இத்த கேட்டா அந்த மணி இன்னான்னவோ உதார் வுட்டுகினு கீறான். நீ படிச்ச பொண்ணு, நீயே ஒரு நாயம் சொல்லு."

பன்னிரண்டு வருஷத்துக்கு எனக்குக் கிடைத்த வாழ்த்து இது.

சீரியலின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் பார்க்க உட்கார்ந்துவிடுவீர்கள், அந்தப் பாவம் எனக்கெதற்கு. கதையை மட்டும் சொல்கிறேன். பூங்கோதை எண்ணூர்ப் பக்கம் குடியிருக்கிறவள். புருஷன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். காலையில் பால் பொங்குகிறது, அவசரமாக இறக்கும்போது வலது கையில் சுட்டுக்கொள்கிறாள். சாயங்காலம் லாரி கவிழ்ந்து புருஷன் செத்துப்போகிறான். அவள் மண்ணில் விழுந்து அழும்போது, என்றைக்கோ இழுத்து மூடிய ஒரு ஃபாக்டரியின் சங்கு ஊதுகிறது. கோயில் சங்கு இல்லை, ஷிஃப்டுக்கு ஆள் கூப்பிட ஊதுகிற சங்கு. ஊதியதும் பொழுது திரும்பி அதே காலையாகிவிடுகிறது. பால் சட்டியில் இருக்கிறது, புருஷன் குறட்டை விடுகிறான். ஊரில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஞாபகமில்லை, அவளுக்கு மட்டும் எல்லாம் ஞாபகமிருக்கிறது. அவனைக் காப்பாற்ற ஓடுகிறாள். அவன் வேறு விதமாகச் சாகிறான். மறுபடி சங்கு, மறுபடி காலை. எல்லாம் பழையபடி ஆகிவிட, கையில் பட்ட சூடு மட்டும் மாறாமல் இருக்கிறது. ஏன்? மாதக்கணக்காக இதுதான் கேள்வி. பால் சட்டியைத் துணி வைத்துப் பிடிக்க இவளுக்கு ஏன் இன்னும் புத்தி வரவில்லை என்பது என் கேள்வி. அதை யாரும் மதிக்கவில்லை.

2

இந்தச் சீரியலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ரசிகர் குழு இருக்கிறது. நைனா என்னைக் கேட்காமல் அதில் சேர்த்துவிட்டார். அங்கே இரவு எட்டரைக்கு ஒளிபரப்பு, இங்கே எனக்குச் சாப்பாட்டு நேரம். சோற்றில் கைவைத்தால் சண்டை வந்து விழும்.

திருவொற்றியூர் டீச்சரம்மா ஒருவர் அந்தச் சூடு வடிவுடையம்மன் வைத்த அடையாளம் என்கிறார். ரிட்டையரான பேங்க் காரர் ஒருவர் முன்வினை என்கிறார். கொடுங்கையூரில் குடியிருக்கிற ஒரு பையன், 'மேக்கப் மேன் அழிக்க மறந்துட்டான், அவ்ளோதான்' என்று எழுதினான். அடுத்த நிமிஷம் அவனைக் குழுவைவிட்டுத் தூக்கிவிட்டார்கள். எனக்கென்னவோ அவன் ஒருத்தன்தான் தெளிவாக இருந்ததாகத் தோன்றியது.

இரண்டு பெரிய கட்சிகள். ஒன்றுக்குத் தலைவர் என் நைனா அந்தோணி, துறைமுகத்தில் கப்பல் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வுபெற்றவர். இன்னொன்றுக்குத் தலைவர் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் மணி மாமா. திருவொற்றியூரில் ஒரு ஃபாக்டரியில் வேலை பார்த்தவர், நைனாவுக்குச் சின்ன வயசு தோஸ்து. மாமாவின் வாதத்தை அவர் குரலிலேயே கேளுங்கள்.

"ஃபாக்டரில மூணு சங்கு. மொத சங்கு ஊதுனா வூட்ட வுட்டுக் கெளம்பணும். ரெண்டாவதுக்கு கேட்டாண்ட நிக்கணும். மூணாவது ஊதிட்டா கேட்ட மூடிடுவான், அரநாள் சம்பளம் காலி. பூங்கோதைக்கு இன்னும் மூணாவது ஊதல. கையில கீற சூடு அவளுக்கு குடுத்த டோக்கன் மாரி. அது கீற வரிக்கும் அவ உள்ள போலாம், புருசன காப்பாத்தலாம்."

இதுவரை எத்தனையோ தடவை ஊதிவிட்டதே என்று கேட்டால், "அதெல்லாம் மொத சங்கும்மா" என்கிறார். வாழ்நாள் முழுக்கச் சங்குக்கு ஓடிய மனுஷனிடம் சங்கைப் பற்றி யார் வாதாடுவது?

நைனாவின் கட்சி வேறு. "பொழுதாவது திரும்பறதாவது! அவன் மொத நாளே செத்துட்டான். இவ பித்து புடிச்சி குந்திக்கினு நெனப்புல ஓட்டிக்கினு கீறா. நெசமா நடந்தது அந்த சூடு ஒண்ணுதான். அதான் மாறல."

என் மகள் ஜெனிக்குப் பதின்மூன்று வயது. தமிழ் வகுப்புக்குப் போக மாட்டாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், அதுவும் ஒற்றை வார்த்தையில், கதவைச் சாத்திக்கொண்டே. அப்படிப்பட்டவள் இந்தக் குழுவில் உட்கார்ந்து தாத்தா அனுப்புகிற குரலை எல்லாம் கேட்கிறாள். போன வாரம் சாப்பாடு ஆறிவிட்டது என்று நான் கத்தியதற்கு, "இன்னாம்மா, சும்மா பேஜார் பண்ணிகினு" என்றாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். இங்கே தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் என் வாயிலிருந்து ஒரு 'இன்னா' நழுவினால் சினிமா காமெடியைப் பார்த்த மாதிரிச் சிரிக்கிறார்கள். அதற்குப் பயந்து பன்னிரண்டு வருஷமாக நாக்கை அடக்கி வைத்திருக்கிறேன். இவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

3

சிரித்துக்கொண்டே இதை எழுதியிருக்கலாம். ஆனால் நைனாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் கிட்டத்தட்டப் போய்விட்டது. டிவிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்துதான் பூங்கோதையைப் பார்க்கிறார். போன மாதம் எண்ணூர் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஒரு கண்டெய்னர் லாரி அவர் சட்டையை உரசிக்கொண்டு போனது. மணி மாமா காலரைப் பிடித்து இழுக்காவிட்டால் எனக்கு வேறு செய்தி வந்திருக்கும்.

அம்மா போனபிறகு நைனா தனிக்கட்டை. நான் ஒரே பிள்ளை, நானோ இங்கே. வீட்டுச் சாவியின் இன்னொரு செட் மணி மாமாவிடம் இருக்கிறது. மாத்திரை வாங்குவது, கேஸ் சிலிண்டர் எடுத்து வைப்பது, ஜுரம் என்றால் ரசம் கொண்டுவந்து கொடுப்பது எல்லாம் அவர்தான். நான் பணம் அனுப்புகிறேன், அவர் ஆளாக நிற்கிறார். இதில் எது பெரிசு என்று எனக்குத் தெரியும்.

கண் ஆபரேஷனுக்கு ஒரு வியாழக்கிழமை குறித்தாயிற்று. அதற்குப் பத்து நாள் இருக்கும்போது மணி மாமா போன் பண்ணினார். "பாப்பா, ஒங்கப்பன் என் மொகத்துலயே முழிக்காதன்ட்டான். நா வர்ல. நீ வேற ஆள பாத்துக்கோ."

"எதுக்கு மாமா சண்டை?"

"பூங்கோத கத பேசிக்கினு இருந்தோம்."

"பூங்கோதைக்காகவா?"

"ஆமாம்மா" என்றார். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

நைனாவைக் கேட்டேன். "அவன் பேச்ச என்னாண்ட எடுக்காத" என்று வைத்துவிட்டார். எழுபது தாண்டிய இரண்டு ஆம்பளைகள், இல்லாத ஒரு பொம்பளையின் கையில் பட்ட சூட்டுக்காக ஒரே தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். இதை நான் இங்கே யாரிடம் சொல்லி அழுவது?

4

ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். கூட ஆள் இல்லாமல் ஆபரேஷன் கிடையாது என்றாள் அந்தப் பெண். கையெழுத்துப் போடணும், வீட்டுக்குக் கூட்டிப்போகணும், மணிக்கணக்குப்படி சொட்டு மருந்து விடணும்.

"நீங்க பேஷன்டுக்கு என்ன வேணும்?"

"பொண்ணு."

"அப்ப நீங்களே வரலாமே மேடம்."

"நான் கனடாவுல இருக்கேன்மா."

"அப்ப இங்க பக்கத்துல வேற பொண்ணு யாரும் இருக்காங்களா?"

நைனா இன்னொரு மகளைப் பெற்று வைக்காமல் போனாரே என்று வருத்தப்பட்டேன். லீவு கேட்டேன். கோடையில் சுற்றுலாக் கூட்டம், ஒருத்தருக்கும் லீவு இல்லை என்றார் மேலாளர். சரி, நைனாவையே இங்கே கூட்டி வந்துவிடலாம் என்றால், இந்த நாட்டில் பெற்றவர்களை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளக் குலுக்கல் போடுகிறார்கள். சீட்டுக் கம்பெனி மாதிரி. எங்கள் பெயர் இன்னும் விழவில்லை. விழுந்தாலும் அவர் வர மாட்டார், அது தனிக் கதை.

வயசானவர்களுக்குத் துணைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி ஒன்றைப் பிடித்தேன். அவர்கள் அனுப்பிய ஆள் முதல் நாளே திரும்பிப் போய்விட்டார். "ஒங்கப்பா கதவத் தொறந்து, சங்கு மூணா ரெண்டான்னு கேட்டாரு மேடம். எனக்கு ஒண்ணும் புரியல. நான் அந்த சீரியல் பாக்கறதில்லன்னேன். அப்ப நீ எதுக்குன்னு கதவ சாத்திட்டாரு."

என் புருஷன் சிரித்தார். அவரோடு நான் ஒரு நாள் பேசவில்லை.

5

இந்த இடத்தில் என் அம்மா மேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நைனாவும் மணி மாமாவும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்காருவார்கள். ஆளுக்கு இரண்டு டீ. முதல் டீ வாதத்துக்கு, இரண்டாவது டீ சமாதானத்துக்கு என்று அம்மா கிண்டல் பண்ணுவாள். அப்படி அவர்கள் டீக்கடையில் இருந்த ஒரு சாயங்காலம்தான் அம்மா சமையல்கட்டில் மயங்கி விழுந்தாள். நைனா திரும்பி வந்து பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார், மாமாவும் கூட. பிரயோஜனப்படவில்லை. 'கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பாத்திருக்கலாம்' என்று ஒரு டாக்டர் சொன்னாராம். டாக்டர்களுக்கு இப்படி ஒரு வாக்கியம் எதற்கு? யாருக்கு என்ன லாபம்? நான் விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் மாலைகூட வாடியிருந்தது.

போன தடவை ஊருக்குப் போனபோது ஒன்றைக் கவனித்தேன். அதே கடை, அதே பெஞ்சு. ஆனால் ஒரு டீ முடிந்ததும் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். சர்க்கரைக்குப் பயந்து குறைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு காலை நைனாவை வீடியோவில் கூப்பிட்டோம். அங்கே டீக்கடை நேரம். அவர் வீட்டில் ஃபேனுக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தார். நான் திட்ட ஆரம்பிப்பதற்குள் ஜெனி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தாத்தா, டே திரும்பி வந்தா நல்லதுதானே? பூங்கோத பாவம். நீ ஏன் திரும்பாது திரும்பாதுன்னு சண்ட போடுற?"

"திரும்பாது கண்ணு."

"ஏன்?"

அவர் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். பிறகு சொன்னார். "திரும்பும்னா அப்ப யார் மேலயாச்சும் தப்பு வந்துரும்ல."

எனக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது. போனை வாங்கினேன். "என்ன நைனா நடந்துச்சு? இப்ப சொல்லு."

"ஒங்கம்மா போனா பாரு, அன்னிக்கி நா ஒரு டீய குட்ச்சிட்டு எழுந்துட்டேன். மணிதான் கைய புடிச்சி இழுத்து, குந்து மாமு, இன்னொண்ணு சாப்ட்டு போலான்னான். அப்பால அந்த டாக்டர் சொன்னத அவனும் பக்கத்துல நின்னு கேட்டுகினு இருந்தான். அன்னிலேர்ந்து அவன் ரெண்டாவது டீ தொட்றதில்ல. நா எதுவும் கேக்கல. இப்ப இந்த சீரியல் வந்து தொலச்சிதா? டீக்கடையில எல்லார் முன்னாடியும் சொல்றான், அன்னிக்கி மட்டும் ஒரு சங்கு ஊதியிருந்தா ஒன்ன புடிச்சி குந்த வெச்சிருக்க மாட்டேன் மாமு, மேரிக்கா இருந்துருக்கும்னு. சொல்லிட்டு அழுவுறான். எனக்கு வந்துச்சி பாரு கோவம். பொழுது திரும்பாதுடா, அவ போவ வேண்டிய நேரம் போனா, இதுல டீ எங்கடா வந்துச்சின்னு கத்தினேன். அவனுக்கு புரியல. நம்பிக்க இல்லாதவன்டா நீன்னான். போடா, மொகத்துல முழிக்காதன்ட்டேன்."

இத்தனை மாதமாக ஒரு பொம்மைக் கதைக்காக அடித்துக்கொள்கிறார் என்று நான் கரித்துக்கொட்டிய மனுஷன், தன் தோஸ்து மேல் பழி விழக்கூடாது என்று வாதாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இதையே மாமாகிட்ட நேராச் சொல்லிடேன் நைனா. ஓம் மேல தப்பு இல்லடான்னு ஒரு வார்த்தை."

"சொன்னா மறுபடியும் அழுவான். ஆம்பள அழுதா பாக்க முடியாது என்னால."

"அப்ப ஆபரேஷன்?"

"கண்ணு போனா போவுது."

உடனே பழைய கோபம் திரும்பி வந்துவிட்டது. கண் போனால் போகுமாம்! மணி மாமாவைக் கூப்பிட்டேன். "அவன் ஒரு வார்த்த கூப்புடட்டும் பாப்பா, ஓடி வரேன்" என்றார். இவர் கூப்பிட மாட்டார், அவர் கூப்பிடாமல் வர மாட்டார். நான் நடுவில் ஒரு சமுத்திரத்தை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

6

செவ்வாய்க்கிழமை மதியம் கைபேசி மேசையிலிருந்து விழுந்துவிடும் போல ஆடியது. நடிகைக்கும் கம்பெனிக்கும் என்ன தகராறோ, 'இனி பூங்கோதையாக இவர்' என்று ஒரு புதுப் பெண்ணின் படத்தைப் போட்டுவிட்டார்கள். நம் சீரியல்களில் இது புதிதா? புருஷன் மாறுவான், மாமியார் மாறுவாள், வீட்டில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இந்தப் பெண் வந்து நின்ற முதல் காட்சியிலேயே குழு கொதித்துவிட்டது. சூடு இடது கையில் இருக்கிறது என்றார் டீச்சரம்மா. இல்லை, வலதுதான் என்றார் பேங்க் காரர். கண்ணாடியில் தெரிகிற பிம்பம் என்றார் இன்னொருவர்.

மிச்சத்தை எனக்கு மணி மாமா சொன்னார். அவர் வீட்டுக் கதவை யாரோ இடித்திருக்கிறார்கள். திறந்தால் நைனா, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க நிற்கிறார். டிவிக்கு எத்தனை கிட்டத்தில் போய்ப் பார்த்தும் சூடு எந்தக் கை என்று அவருக்குத் தெரியவில்லை.

"டேய், எந்தக் கைடா?"

"எடது கை மாமு! மெய்யாலுமே எடது கை!"

"கஸ்மாலம் புடிச்சவனுங்க. மாசக்கணக்கா வலது கைய வெச்சி நாம மண்டைய ஒடைச்சிக்கினு கீறோம்..."

"எவ்ளோ அசால்ட்டு பாத்தியா!"

"இந்த கோவத்துல போன்ல பேசி அனுப்பற பட்டன் எதுன்னு தெர்ல. நீ அமுக்கு. நா சொல்றேன்."

அன்று குழுவில் இரண்டு குரலும் சேர்ந்து வந்த செய்தியை நான் வேலை செய்கிற இடத்தில் கேட்க முடியாது, அவ்வளவு கெட்ட வார்த்தை. படகுத்துறைக் கழிவறையில் போய்க் கேட்டேன். ஒருவர் டைரக்டரைத் திட்ட, மற்றவர் எடுத்துக் கொடுக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆபரேஷன் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம். வியாழக்கிழமை விடியற்காலை மணி மாமா ஆட்டோவோடு வந்து வாசலில் ஹாரன் அடித்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் கேட்டிருக்கிறாள், "நீங்க பேஷன்டுக்கு என்ன வேணும்?"

"தம்பி."

"அந்தோணிக்குத் தம்பி சுப்பிரமணியா?"

"ஆமாம்மா. அப்பா வேற, அம்மா வேற."

எழுதிக்கொண்டாளாம்.

7

நேற்று காலை கவுன்டரைத் திறக்கிற நேரத்துக்கு வீடியோ அழைப்பு வந்தது. டீக்கடை. நைனா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெஞ்சில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். போனைப் பிடித்திருந்தவர் மணி மாமா.

"ஒரு கண்ணு பளிச்சின்னு கீது பாப்பா" என்றார் நைனா. "இந்தக் கடை இவ்ளோ கலீஜுன்னு இப்பதான் தெரியுது."

நான் வேலைக்குக் கிளம்பும் முன் ஜெனி என்னிடம் ஒரு கேள்வி கொடுத்து அனுப்பியிருந்தாள். சூடு கை மாறியதால் பொழுது திரும்பும் என்று அர்த்தமா, திரும்பாது என்று அர்த்தமா? கேட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "அந்த சீரியல் பேச்ச எடுக்காத" என்றார்கள். இதற்கா நான் இத்தனை நாள் சோறு தண்ணியில்லாமல் கிடந்தேன்!

மணி மாமா கையில் இருந்த கிளாசைக் கீழே வைத்தார். "டீ ஆச்சி. எழுந்திரு மாமு, வூட்டுக்குப் போய் மருந்து வுடணும்."

நைனா எழுந்திருக்கவில்லை. கையை நீட்டி மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"குந்துடா. மாஸ்டர், இன்னும் ரெண்டு டீ."

போன் மாமா கையில் சரிந்து, கடையின் தகரக் கூரை மட்டும் தெரிந்தது. டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. கிளாஸ் வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். என் கவுன்டர் ஜன்னலை ஒரு வெள்ளைக்காரர் தட்டிக்கொண்டிருந்தார், படகு ஹாரன் அடித்துவிட்டது, டிக்கெட் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

கூரைக்குக் கீழேயிருந்து நைனாவின் குரல் வந்தது.

"அழுவாதடா. குடி. ஆறிடப் போவுது."